பாட்டில் மூடியும் சட்டைப் பொத்தானும்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம், உன் தங்கை இன்று வலி கொஞ்சம் குறைந்து எழுந்து உட்கார்ந்தாள். நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஹோட்டல் சலவைக்கூடத்துக்கு மறுபடி போகிறேன். விரிப்பு வருகிறது, மடிக்கிறேன், அடுத்தது வருகிறது. கை தன்பாட்டுக்கு வேலை செய்கிறது, நான் எங்கோ இருக்கிறேன். அப்பா லிஃப்ட் பழுது பார்க்கப் போகிறார், வருகிறார். மாத்திரையால் உன் தங்கைக்கு முகம் உப்பிவிட்டது. நீ விட்டுப்போன பழைய ஃபோன் உங்கள் இருவர் முகத்துக்கும் திறக்குமே, இப்போது அவளுக்குத் திறப்பதில்லை. பாரும்மா, இதுக்கே என்னை அடையாளம் தெரியலையாம், என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

உன் தங்கையின் லூபஸ் நோயைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கேட்டேன், ஒரே கரு இரண்டாகிப் பிறந்த பிள்ளைகள், ஒரே தட்டில் ஊட்டினேன், ஒருத்திக்கு மட்டும் ஏன் என்று. வளர்ப்பில் ஒன்றும் இல்லை என்றார். இருவருக்கும் மரபணு ஒன்றுதானாம், ஆனால் எது வேலை செய்ய வேண்டும் எது சும்மா இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பூட்டு மாதிரி இருக்கிறதாம். நோயை எதிர்க்கும் டி செல்களில் மூடியிருக்க வேண்டிய சில பூட்டுகள் இவளுக்குத் திறந்துகொண்டன, காவலுக்கு நின்றவை வீட்டுக்காரரையே அடிக்கின்றன என்றார். ஏன் திறந்தன என்று முழுதாகத் தெரியாதாம். அவர்கள் செய்யும் ஆய்வில் உன் இரத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பூட்டுகள் மாறின என்று தெரியலாம், அதனால் இவளுக்குக் குணமாகும் என்று சொல்ல மாட்டேன் என்றார். நான் தலையாட்டினேன். உன் தங்கைதான் வேண்டாம் என்றாள். எனக்கு வந்தது போதும்மா, அவ அங்க நிம்மதியா இருக்கா, அவ தலையில எதுக்கு இதக் கட்டுற, என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். காலையில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை, விரல் கட்டை மாதிரி ஆகிவிட்டது, பக்கத்து அறைக்காரியைக் கூப்பிட்டேன், கிழவி ஆயிட்டேம்மா, என்று சிரித்தாய். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. உன் தங்கை சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டாள். அவளுக்கும் முதலில் சட்டைப் பொத்தான்தான் போட வரவில்லை, குளிர் என்று நினைத்தோம். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, அக்காவுக்கு எழுதும்மா, ஃபோன்ல சொன்னா சிரிச்சே தப்பிச்சுடுவா, என்றாள்.

குளிராக இருக்கலாம், படுத்த விதமாக இருக்கலாம். எனக்குப் பயம்கூட வரவில்லை, அது வர வேண்டிய இடம் மரத்துக் கிடக்கிறது. ஆய்வுக்கு இரத்தம் கொடுப்பது உன் இஷ்டம், ஒருவரும் கேட்க மாட்டோம். டாக்டரைப் பார்ப்பது உன் இஷ்டம் இல்லை. போனதும் கூடப் பிறந்தவளுக்கு லூபஸ் என்று முதலிலேயே சொல்லிவிடு.

நீங்கள் இருவரும் என் கண்முன் நன்றாக இருக்க வேண்டும், வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. மறக்காதே, நாளைக் காலை எழுந்ததும் ஒரே ஒரு பொத்தானைப் போட்டுப் பார். வந்ததா வரவில்லையா, அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா