எதிர் டவரும் காஜா மெஷினும்

மார்ச் 4

கடை திறந்ததும் எதிரே நிற்கும் போன் டவரைப் பார்த்து, "என்ன, ராத்திரி நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டுவிட்டேன். வாய்விட்டு! பக்கத்துச் சலூன்காரர் சோப்பு நுரையும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"யாருகிட்டம்மா பேசுறீங்க?"

"என் சொத்துகிட்ட."

மனுஷன் நுரையோடு உள்ளே போய்விட்டார்.

அவருக்கு எப்படித் தெரியும்? நேற்றிலிருந்து நான் டவர் கம்பெனியில் பங்குதாரர். காஜா மெஷினுக்கென்று சேர்த்த பணம்தான். அந்த மெஷின் இல்லாததால், நான் தைக்கிற சட்டைக்கெல்லாம் பட்டன் துளை போட வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. இருந்தாலும் வங்கியில் வேலை பார்க்கும் அக்கா மகள் ஆசை காட்டிவிட்டாள். "சித்தி, டவர்ங்கிறது வீடு கட்டி வாடகைக்கு விடுற மாதிரி. போன் கம்பெனிங்கதான் குடித்தனம். போன் பேசுறத யாரு நிறுத்தப்போறா?" அவளே போனில் தட்டி வாங்கியும் கொடுத்தாள்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். "இரும்புதான் வேணும்னா பழைய கடையில எடை போட்டு வாங்கியிருக்கலாமே" என்றார். பொறாமை.

மார்ச் 19

எதிர் டவரில் ஏறி ரிப்பேர் பார்க்கிறவர் பேன்ட் கொண்டுவந்தார். டவரைச் சுற்றியிருக்கும் வேலிக் கம்பி தொடையில் கிழித்துவிட்டதாம். எப்போதும் கயிற்றில் தொங்குவதால் அவருக்கு நான் வைத்த பெயர் தொங்கல். நாற்பது தாண்டியவர், சொட்டைத் தலை, கோபப்படத் தெரியாதவர்.

"ஏன் தொங்கல், மேல எத்தனை குடித்தனம்?"

"மூணுக்கா. மூணு கம்பெனி மாட்டியிருக்காங்க."

மூன்று வாடகை! தைத்துக் கொடுத்துவிட்டுக் கூலி வேண்டாம் என்றேன்.

"ஏங்க்கா?"

"நிர்வாகம் பொறுப்பு எடுத்துக்குது. நீ போ."

ஏப்ரல் 2

பங்கு விலை ஏறியிருக்கிறது. வீட்டுக்காரருக்கு முட்டை ஒன்று கூடுதல்.

ஏப்ரல் 3

இறங்கிவிட்டது. முட்டை இல்லை. "நான் என்னடி பண்ணேன்?" என்கிறார்.

ஏப்ரல் 28

பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் கடைக்கே வந்தார். பிள்ளைகளின் சீருடைச் சட்டை மொத்தமும் எனக்கே தருகிறாராம். ஆனால் — "காஜாவுக்கு வெளிய அனுப்புற வேலை வேண்டாம்மா. போன வருஷம் ஒருத்தர் அப்படி அனுப்பி, ஒரு மூட்டை சட்டையே காணாமப் போச்சு. சொந்தமா மெஷின் இருந்தா சொல்லுங்க. இல்லன்னா வேற ஆளப் பாக்குறேன்."

இவ்வளவு பெரிய வேலை இந்தக் கடை வாசலை மிதித்ததே இல்லை.

மெஷினா, டவரா? அக்கா மகளைக் கேட்டேன். "இப்ப வித்தா போட்டதைவிடக் கம்மியாத்தான் வரும் சித்தி. ஒரு வருஷம் விட்டு வைங்க."

அதுவரைக்கும் பிள்ளைகள் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்குமா? ஆனால் விற்கவும் மனசு வரவில்லை. காலையில் அதன் முகத்தில் விழித்தே பழகிப்போச்சு.

மே 5

இன்றும் முடிவு பண்ணவில்லை. டீச்சர் கேட்டதற்கு, "ஆகட்டும் ஆகட்டும்" என்றேன். என்ன ஆகட்டும்? எனக்கே தெரியாது.

மே 6

ஊசி கோத்துக்கொண்டே நிமிர்ந்தால், தொங்கல் டவர் உச்சியிலிருந்து என்னத்தையோ கயிறு கட்டி இறக்குகிறார். தெருவுக்கு ஓடினேன். "யோவ்! என்னத்தய்யா எறக்குற? வை! மேலயே வை!"

"ரெண்டு போன் கம்பெனி ஒண்ணாயிடுச்சுக்கா! ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு எதுக்குன்னு ஒண்ணக் கழட்டச் சொல்லிட்டாங்க!"

அய்யய்யோ. மூணு ரெண்டாச்சு. நாளைக்கே ரெண்டு ஒண்ணாகும், அப்புறம் வெறும் கம்பிதான் நிக்கும் — எங்க வீட்டுக்காரர் வாய் முகூர்த்தம், சொன்ன மாதிரியே இரும்பாப் போகப்போகுது!

நேரே அக்கா மகள் வீடு. "எல்லாத்தையும் வித்துடுடி."

"எதுக்கு சித்தி இவ்வளவு அவசரம்?"

"கண்ணால பாத்தேன். வித்துடு."

விற்றாள். கொஞ்சம் நஷ்டம். கொஞ்சம் அழுகையும் வந்தது, மூக்கைச் சிந்தினால் சரியாகிவிடும் அளவுக்கு.

மே 12

மெஷின் வந்துவிட்டது. டீச்சரிடம் சொல்லிவிட்டேன், துணியும் வந்து இறங்கிவிட்டது. வீட்டுக்காரர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுல எத்தனை குடித்தனம்?" என்று கேட்டார். கை பழகுவதற்காக அவருடைய டிரைவர் சட்டையில் நாலைந்து துளை அதிகமாகப் போட்டுக் கொடுத்தேன். காற்று வரட்டும்.

ஜூன் 3

கடைசிச் சட்டையும் போய்ச் சேர்ந்தது. டீச்சர் இழுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், அடுத்த வருஷமும் நானேதான் என்றார்.

சாயங்காலம் அக்கா மகள் வந்தாள். "சித்தி, நீங்க வித்த பங்கு நல்லா ஏறிடுச்சு. அன்னிக்கு அப்படி என்னத்தப் பாத்தீங்க?"

எதிரே கையைக் காட்டிக் கதையைச் சொன்னேன். அவள் தெருவைத் தாண்டிப் போய் வேலியில் தொங்கும் பலகையைப் படித்தாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. இத்தனை நாளும் அது எனக்கு வெறும் மஞ்சள் பலகை. திரும்பி வரும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இது உங்க கம்பெனியே இல்ல சித்தி. வேற கம்பெனி டவர்!"

"அப்ப நம்மது?"

"பாலத்துக்கிட்ட ஒண்ணு நிக்குதே, அது."

அதை நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை. யார் வீட்டு மாப்பிள்ளையையோ இத்தனை நாள் குசலம் கேட்டிருக்கிறேன். ராத்திரி விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான்தான் தலையில் தட்ட வேண்டியிருந்தது. கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

ஜூன் 4

காலையில் அந்தப் பலகையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மஞ்சளாகத்தான் இருக்கிறது. திரும்பும்போது வேலிக் கம்பியில் மாட்டி, சேலை முந்தானை ஒரு சாண் கிழிந்தது. தைத்துக்கொண்டேன்.