இடப்பக்கம் சாயும் கோடு

மே 4

கோடைப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. பல்கலைக்கழக ஓவியத் துறையில், பள்ளி ஓவிய ஆசிரியர்களுக்குப் பன்னிரண்டு நாள். கடிதத்தின் கீழே துறைத் தலைவர் கையெழுத்து. எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்துதான். என் ஏழு படங்களின் மூலையிலும் அதுதான் இருக்கிறது.

"இத்தனை வருஷம் போகாதவ, இப்ப எதுக்கு?" என்று இவர் கேட்டார்.

"கத்துக்கத்தான்" என்றேன். பொய். அவனைச் சந்தி சிரிக்க வைக்கப் போகிறேன்.

மே 11

அதே கட்டடம். புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். வராந்தாவில் சட்டம் போட்ட என் ஏழு படங்கள், ஒவ்வொன்றின் கீழும் பித்தளைத் தகட்டில் அவன் பெயர்.

கடைசி வருஷம், துறைச் சுற்றுலாவில், ஆற்றோரப் படகுப் பட்டறையில் ஐந்து நாள் இருந்தோம். இங்க் பேனாவால் ஏழு படம் வரைந்தேன். திரும்பும் பஸ்ஸில் நோட்டைக் காணவில்லை. இரண்டு மாதம் கழித்து ஆண்டுக் கண்காட்சியில் அந்த ஏழு தாள்களும் தொங்கின — என் வகுப்புத் தோழன் பெயரில். பேராசிரியரிடம் போய் அழுதேன். "உன் பேர் எழுதி வச்சியாம்மா?" என்றார். இல்லை. இருபது வயதில் எவள் எழுதுவாள்? அந்தப் படங்களைக் காட்டி அவன் இங்கேயே வேலைக்குச் சேர்ந்தான். எனக்குப் பிள்ளைகளுக்குப் பூந்தொட்டி வரையச் சொல்லிக்கொடுக்கும் வேலை.

மே 12

அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பத்தொன்பது வருஷம், பதினெட்டு கிலோ, மூக்குக் கண்ணாடி, அப்பா இனிஷியல் போய் இவர் இனிஷியல். "எந்த ஸ்கூல்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் அடுத்த மேசைக்குப் போய்விட்டான். மாணவர்கள் அவனைப் 'படகு சார்' என்கிறார்கள். படகு சாராம்!

மே 14

வராந்தாவின் முதல் படத்தைப் பார்த்து வரையச் சொன்னான். கோடுகளை நெருக்கிப் போட்டு நிழல் காட்டும் பாடம். எல்லோருக்கும் திட்டு. "கோடு இடப்பக்கம் சாயணும்னு எத்தனை தடவை சொல்றது? இதுதான் நம்ம துறையோட கோடு. பதினெட்டு வருஷமா இங்க எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க."

என் அறைத்தோழிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கணக்கு டீச்சர். பள்ளியில் ஆள் இல்லையென்று ஓவியத்தையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். "மணிக்கட்டே கழண்டுடும் போலக்கா. உங்களுக்கு வலிக்கலையா?" என்றாள்.

எனக்கு வலிக்கவே இல்லை. ஏன்?

மே 15

நான் ஒரு மடைச்சி. பத்தொன்பது வருஷமாக மடைச்சி.

நான் இடது கைக்காரி. என் நிழல்கோடு தானாகவே இடப்பக்கம் சாயும். வலது கைக்காரர்களுக்கு வலப்பக்கம். காலையில் ஏழு படங்களையும் போய்ப் பார்த்தேன் — எல்லாக் கோடும் இடப்பக்கம். அவன் வலது கைக்காரன்! பெயர் எழுதாவிட்டால் என்ன, கோட்டுக்குக் கோடு என் கை இருக்கிறது. அதைத் 'துறையோட கோடு' என்று நம்பி, பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகள் மணிக்கட்டைத் திருகிக்கொள்கிறார்கள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மே 16

இன்று என் தாளைத் தூக்கிக் காட்டினான். "இவங்க கோட்டைப் பாருங்க. இதைத்தான் நான் கேக்கறேன்." கைதட்டல் வேறு. நான் இடது கையால் வரைவதை மட்டும் அவன் பார்க்கவில்லை, பார்க்கவும் விடவில்லை. கடைசி மேசை, சுவரோரம்.

மே 19

அதே படகுப் பட்டறைக்கு ஒருநாள் பயணம். அவன் மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கதை சொன்னான். "அஞ்சு நாளும் மழை. ஒரு தார்ப்பாய்க்கு அடியில குந்திக்கிட்டு வரைஞ்சேன். இங்க் நனையாம இருக்க மடியில பொத்தி வச்சுக்கிட்டேன்."

தார்ப்பாய்க்கு அடியில் குந்தியிருந்தது நான். மடி என்னுடையது. அந்த ஐந்து நாளும் காய்ச்சலென்று பஸ்ஸை விட்டு இறங்காமல் படுத்துக் கிடந்தவன் இவன்! படத்தைத் திருடினாய், சரி — மழையையுமா? பேனாவை அழுத்தியதில் முனை பிளந்துவிட்டது.

விடமாட்டேன்.

மே 21

கடைசி நாளில் பயிற்றுநர் ஒருவர் எல்லோர் முன்னாலும் ஒரு படம் வரைந்து, அதைக் குழுவுக்குப் பரிசாகக் கொடுப்பது இங்கே வழக்கம். படகு சார் ஒருமுறைகூட வரைந்ததில்லையாம். எப்போதும் இளைய விரிவுரையாளரை முன்னே தள்ளிவிடுவாராம். இந்த முறை பார்க்கக் கலைப் புலத்தின் முதல்வர் அம்மாவும் வருகிறார்.

கணக்கு டீச்சரிடம் சொன்னேன்: "நாளைக்கு முதல்வர் அம்மா வந்து உக்காந்ததும், படகு சாரே வரையணும்னு கேளு."

"ஐயோ, திட்டுவாருக்கா."

"முதல்வர் முன்னாடி திட்டமாட்டார். கேளு."

ஒன்றும் அறியாதவளைக் கருவியாக்குகிறேன். தெரிந்தேதான் செய்கிறேன். பேசவேண்டியதை மூன்று பக்கம் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன்.

மே 22

மூன்று பக்கத்தில் ஒரு வரிகூடப் பேசவில்லை.

கணக்கு டீச்சர் கேட்டாள். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். முதல்வர் அம்மா சிற்பி, கறாரானவர். "வரைங்களேன், நானும் பார்த்ததில்ல" என்றார். அவன் சிரித்துக்கொண்டேதான் வந்தான். படகின் விளிம்பைப் போட்டான். நிழலுக்கு வந்ததும் கை தன் பழக்கத்துக்கு ஓடியது. கோடுகள் வரிசையாக வலப்பக்கம் சாய்ந்தன.

முன்வரிசையிலிருந்து கணக்கு டீச்சர்தான் கேட்டாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. "சார், தப்பு சார். கோடு இடப்பக்கம்ல சாயணும்? அதுக்குத்தானே எங்களை அந்தத் திட்டு திட்டினீங்க?"

கூடம் கொல்லென்று சிரித்தது. கோடு இடப்பக்கம் விழட்டுமென்று அவன் தாளைத் திருப்பினான், படகு செங்குத்தாக நின்றது. மறுபடி திருப்பினான். கழுத்தெல்லாம் வியர்வை. முதல்வர் எழுந்து வராந்தாவுக்குப் போய்ப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தார். "இது இடது கைக்காரங்க போட்ட கோடு. இங்க யாராவது இடது கையா?"

கையைத் தூக்கினேன். போய், அவன் வரைந்த பாதிப் படகில் மீதி நிழலைப் போட்டேன். ஐந்து நிமிஷம். அவன் என் கையைப் பார்த்தான், பிறகு முகத்தை.

"நீயா?"

முதல்வர் அறையில் சொன்னான்: "மேடம், அப்ப நாங்க ரெண்டு பேருமே சின்னப் பசங்க."

நான் சின்னப் பிள்ளைதான். நீ திருடன். இதை வாய்விட்டே சொன்னேன்.

ஜூன் 6

இளைய விரிவுரையாளர் போன் செய்தார். படங்கள் என்னுடையவைதான் என்று அவன் எழுதிக்கொடுத்துவிட்டான். தலைவர் பதவி போய்விட்டது. பித்தளைத் தகடுகளைக் கழற்றிவிட்டார்கள்.

"இப்ப திருப்தியா?" என்றார் இவர், குத்தலாக. பழி தீர்த்தால் மனசு வெறுமையாகிவிடும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. நல்ல பசி எடுத்தது. இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 9

இவரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஏழு புதுத் தகடுகள், என் பெயர். அப்பா இனிஷியலே போடச் சொல்லியிருந்தேன்.

இவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தகட்டை விட்டுப் படங்களைப் பார்த்தேன். பயிற்சிக்கு வந்திருந்தபோது பெயரைப் பார்த்தேன், கோட்டின் சாய்வைப் பார்த்தேன். படத்தைப் பார்க்கவே இல்லை. மூன்றாவதில் படகின் முன்பக்கம் தண்ணீரில் உட்காரவே இல்லை, அந்தரத்தில் நிற்கிறது. ஐந்தாவதில் ஏணிக்கு ஒரு கால் குட்டை. இருபது வயசுக்காரியின் தப்புகள். பத்தொன்பது வருஷம் அவையெல்லாம் அவன் பெயரில் இருந்தன.

"என்ன அப்படிப் பாக்கறே?" என்றார் இவர்.

"மூணாவதை நான் நல்லா வரையல."