படகு பூத்தொட்டி ஆகாது

அன்புள்ள செலினா,

நலம்தானே? முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். இடது கையில் ஒரு நகம் வேலையில் எண்ணெய்க் குழாய்க்கடியில் நசுங்கிக் கழன்றுவிட்டது, தானே முளைத்துவிடும்.

நம் கடலில் மீன் அற்றுப்போய், மீன்பிடிக்கத் தடை வந்து ஆறு வருடமாயிற்று, நம் படகை விடுதிக்காரர் தன் விடுதி வாசலில் வைத்துப் பூச்செடி வளர்க்கக் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். போதகரும், "எல்லாம் கர்த்தரோட சித்தம், குடுத்துடும்மா" என்றாராம்.

கடலே இல்லாத இந்த ஆல்பர்ட்டாவில், எண்ணெய் எடுக்கும் வேலையாட்கள் முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் இதைச் சொன்னதும் கூட வேலை செய்யும் டேல் சிரித்தான். "மீனே இல்லாத கடலுக்குப் படகு எதுக்குய்யா?"

"மீனைப் படைச்சவரு வேலையை விட்டுட்டேன்னு உன்கிட்ட வந்து சொன்னாரா?" என்றேன்.

காத்திருக்கச் சொன்னதும் கர்த்தர்தான். நான் காத்திருக்கிறேன். படகைக் கொடுக்க மாட்டேன்.

காய்ந்தால் பலகைகள் விலகிவிடும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் படகுக்குள் இரண்டு வாளி கடல்தண்ணீர் ஊற்று. ஊற்றினேன் என்று வாராவாரம் ஒரு வரி எழுது. வேறு சேதி இல்லாவிட்டாலும் எழுது.

வேலைக்குப் போகும் பஸ் ஹாரன் அடிக்கிறது. முழங்கால் வலித்தால் வாளியைப் போதகர் கையில் கொடு.

உன்
கார்லண்ட்