பாடியவர் யார் என்று கேட்டார்கள்

அக்கா, இதை யாரிடமும் காட்டாதே, மாமாவிடம்கூட.

யூடியூபில் 1988-இல் வந்த சிங்கப்பூர் ராக் பாட்டு ஒன்றைக் கேட்டேன். அப்போது யாருமே கண்டுகொள்ளவில்லையாம். இப்போது கீழே கமெண்ட்டில் ரசிகர்கள், "இந்தக் கித்தாருக்கே கும்பிடு போடணும் லா", "பாடுறவங்க யாரு, எங்க இருக்காங்க?" என்று உருகுகிறார்கள்.

நம்மைத் திட்டும்போது உச்சத்தில் லேசாக உடையுமே, அதே குரல். வீட்டில் ரேடியோகூட போடவிடாத நம் அம்மா!

பெருமையில், "என் அம்மாதான்" என்று நம் மார்சிலிங் வீட்டு பிளாக் நம்பரோடு எழுதிவிட்டேன். நாளை பார்க்க வருகிறார்களாம். பயமாக இருக்கிறது. அம்மா ஏன் மறைத்தார்? நான் செய்தது நல்லதா, துரோகமா? அழிக்கவும் மனமில்லை.

அம்மா கதவைத் தட்டுகிறார். கோபமா என்று குரலில் தெரியவில்லை.

"பாப்பா, நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க?"