கல்லறைக்குப் போன சுண்ணாம்பு

சேசு மரி சூசை

தொப்பூர்
5.12.1976

அன்பு மகள் லூர்து மேரிக்கு அம்மா எழுதுவது. பிலாய் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையில் நீ சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், ஆனால் ஒரு மாதமாக எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் பருத்திக் காட்டுக்கு ஓடத் தோன்றுகிறது. எல்லாம் அந்த விளைச்சலால்தான்.

ஆடியில் விதைத்தது நன்றாகத்தான் வந்தது. பூக்கிற சமயத்தில் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுவெல்லாம் வெளுத்து, மொட்டு பொலபொலவென்று உதிர ஆரம்பித்தது. விவசாய ஆபீஸ் கிராம சேவக் கோவிந்தன் வந்து பார்த்துவிட்டு, மண்ணில் துத்தநாகச் சத்து இல்லை என்றார். எரு எவ்வளவு கொட்டினாலும் இது இல்லையென்றால் காய் சிறுத்து, இழை குட்டையாகி, பாதி வெடித்தும் வெடிக்காமலும் கொட்டுப் பருத்தியாகத்தான் போகும், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேங்க" என்றார். துத்தநாக சல்பேட்டும் துளி வெங்காரமும் கொடுத்து, சுண்ணாம்புத் தெளிவு சேர்த்துத்தான் தெளிக்கணும், இல்லாவிட்டால் இலை கருகும் என்று படித்துப் படித்துச் சொன்னார். சுண்ணாம்பும் வாங்கி வைத்தோம். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? கல்லறைத் திருநாள் வந்ததும் அந்தச் சுண்ணாம்பை அப்படியே எடுத்துப்போய் உன் தாத்தா கல்லறைக்கும் அக்கம்பக்கத்துக் கல்லறைகளுக்கும் வெள்ளை அடித்துவிட்டார். ஊரே மெச்சியது. மறுநாள் சுண்ணாம்பு சேர்க்காமல், கோவிந்தன் கொடுத்த உப்பை மட்டும் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு அடித்தார். கேட்டதற்கு, "செவுத்துக்கு அடிக்கிறது செடிக்கு எதுக்குடி" என்றார். இரண்டொரு நாளில் இலை ஓரமெல்லாம் கருகிப்போயிற்று.

அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "ஏர் வுட்டு அழிச்சிட்டுக் கொள்ளு வெதைக்கறேன், அதுவும் வெளங்கலைன்னா வூட்டப் பூட்டிட்டு குடகு எஸ்டேட்டுக்குப் போயிடலாம்" என்று அதே பேச்சு. இந்த வயதில் நான் காப்பித் தோட்டத்தில் அட்டைக்கடி படவேண்டுமாம்! கோவிந்தன் மறுபடி வந்து, கருகினது பழைய இலைதான், கொழுந்து வரும், பொறுங்க என்றார். அப்பா காதில் வாங்கவில்லை. நான் தினம் போய்ப் பார்த்தேன் லூர்து. கிணற்றோரம் மருந்து எட்டாத சாலில் இலை கருகவில்லை, ஆனால் மொட்டெல்லாம் தரையில் கிடந்தது. கருகின செடியிலோ நுனியில் நல்ல பச்சையாகக் கொழுந்து, பிடித்த காய் உதிராமல் நிற்கிறது. கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். "பொம்பள கண்ணுக்கு எல்லாம் பச்சையாத்தான் தெரியும்" என்று ஏரை எடுத்துத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, இண்டூரிலிருந்து உன் மாமன் ராஜப்பனை வரவழைத்து இரண்டு மாட்டையும் ஓட்டியனுப்பிவிட்டேன். வண்டிக்கு இரவல் கேட்டான் என்று சொல்லிவைத்தேன். அன்றைக்கு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏரைக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினார்.

உன் அக்கா ராஜமேரியின் குழந்தைக்குப் பல் முளைத்து ஒரே அழுகை. உனக்கு அங்கே குளிராமே, ராத்திரி டியூட்டிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. வெறும் டீயைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

இன்று காலை அப்பா காட்டிலிருந்து வந்து என் கையில் ஒரு காயை வைத்தார். நாலு சுளையும் மலர வெடித்து, பஞ்சு பால் வெள்ளையாக இருந்தது. இழுத்துப் பார்த்தேன், இழை நீளமாக வந்தது. அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "இரவல் குடுத்தது போதும், மாட்ட ஓட்டியாரச் சொல்லு, மூட்டை ஏத்த வண்டிக்கு வேணுமில்ல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் இதுவரை நான் ஆள் அனுப்பவில்லை. வெடித்தது ஒரு காய்தானே, மேகம் வேறு கறுத்துக் கிடக்கிறது, மழை விழுந்து பஞ்சு நனைந்தால் அவர் மனசு எந்தப் பக்கம் சாயுமோ.

மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றட்டும். ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, மாட்டைப் பற்றி மூச்சுவிடாதே. காடு முழுக்க வெள்ளையாகப் பார்க்கும்வரை இரண்டும் இண்டூரிலேயே மேயட்டும்.

உன் அம்மா,
மிக்கேலம்மாள்