பஞ்சாமிர்தத்தில் தோய்த்த பிஸ்கட்

மில் வண்டி வருவதற்குள் பாண்டீஸ்வரி காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில், தூங்கிக்கொண்டிருந்த கணவன் சௌந்தரராசுவுக்குப் பொடி எழுத்தில் எழுதினாள்.

"பிஸ்கட் சம்படத்துல இருக்கு. கேப்பை மாவும் கடலையும்தான், சீனி துளியும் போடலை. குக்கர்ல உப்பைக் கொட்டிச் சுட்டது, அடி கருகியிருக்கும். பசிச்சா ரெண்டு தின்னுங்க. கால் புண்ணுக்குக் கட்டு மாத்த நர்ஸம்மா வரும். கதவைச் சும்மா சாத்திட்டுப் போறேன், நீங்க எந்திரிச்சு நடக்க வேணாம்."

எழுதும்போதே நேற்றைய சண்டை நெஞ்சில் வந்து நின்றது. நேற்றும் இதே பிஸ்கட்தான். பக்கத்து வீட்டார் பழனிக்குப் போய்வந்து கொடுத்த பஞ்சாமிர்தத்தில் அவன் அதைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். கேட்டதற்கு, "சாமி பிரசாதம்டி, அது சுகரை ஏத்தாது" என்றான்.

தாளை மடிக்கப் போனவள், அடியில் இடுக்கி எழுதினாள்.

"பஞ்சாமிர்த டப்பாவைத் தேடாதீங்க. ஒளிச்சு வச்சா கண்டுபிடிச்சிருவீங்க. பிரசாதத்தைக் குப்பையில கொட்டவும் கை வரலை. மிச்சத்தை நானே வழிச்சுத் தின்னுட்டேன்."

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. ஓரத்தில் விரல் அகலம்தான் இடம் இருந்தது.

"எனக்கும் சுகருன்னு போன வாரம் மில் டாக்டர் சொல்லிட்டாரு. பிஸ்கட்டுல ரெண்டு எனக்கும் வைங்க."