பொருந்தவில்லை என்று சொன்னோம்

தங்கச்சி,

போன ஞாயிற்றுக்கிழமை காப்பார் ஊரில் உன் வீட்டு அலமாரியை உன் மகளும் நானும் திறந்தோம். அவளுக்குப் பூச்சோங்கில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயே அறை எடுத்துவிட்டாள். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாடை முகத்தில் அடித்தது. நீ போய் எட்டு மாதமாகிறது. சேலைகளுக்கு நடுவே நீ போட்டு வைத்த உருண்டைகள் தேய்ந்து பட்டாணி அளவுக்குக் கிடந்தன. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனாள். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாடை எனக்கு உன் அலமாரியை நினைவூட்டவில்லை. கோலாலம்பூரில் நாம் ஒரே ஒரு முறை போன அந்தப் பழைய மியூசியத்தைத்தான் நினைவூட்டியது.

அன்றைக்கு உனக்குச் சிறுநீரக டாக்டரைப் பார்க்கும் நாள். என் கிட்னி உனக்குப் பொருந்துகிறது என்று அதற்கு மூன்று வாரம் முன்புதான் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்கள். கிள்ளானில் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் கிடந்த நீ, அன்று அந்த அறையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். 'வீட்ல இப்பவே யார்கிட்டயும் சொல்ல வேணாம்ணே, தேதி முடிவாகட்டும்' என்றாய். மூன்று வாரம் கழித்து டாக்டரைப் பார்த்துவிட்டு பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிட்டோம். நீ இரண்டு வாய் சோற்றோடு நிறுத்திக்கொண்டாய். "நேரம் இருக்குல்ல? பாப்பாவ ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்களே, நட்சத்திரம் காட்டுற இடம், அங்க போலாம்ணே. நானும் பாத்தேன்னு அவகிட்ட சொல்லணும்" என்றாய்.

மேட்டில் இருந்த சின்னக் கட்டடம், முன்பக்கம் முழுக்க மியூசியம். உள்ளே ஏர்கான் இல்லை, கூரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாடம் செய்து வைத்த புலிக்கு ஒரு கண் இல்லை. இருவாச்சிப் பறவையின் இறக்கையில் பூச்சி அரித்திருந்தது. கண்ணாடிப் பெட்டிகளின் மூலை எல்லாம் பாச்சை உருண்டை. தட்டச்சு செய்த பெயர்ச்சீட்டுகள் மஞ்சளாகிச் சுருண்டிருந்தன. நீ ஒவ்வொன்றாக நின்று படித்தாய். ஒரு ஜாடியில் மருந்துத் தண்ணீருக்குள் பாம்பு ஒன்று சுருண்டு மிதந்தது. அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றாய். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்த காலம் அது. நாக்கு வறண்டால் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வாய்.

"எவ்ளோ தண்ணி பாருண்ணே," என்றாய். "செத்த பெறகு அதுக்குக் கொடுத்து வச்சிருக்கு லா."

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதை நான் இரண்டு வாரமாக வயிற்றில் வைத்திருந்தேன்.

கோளரங்கம் பின்கட்டில் இருந்தது. முப்பது நாற்காலிகள் இருக்கலாம், பாதியில் பஞ்சு பிதுங்கியிருந்தது. வெள்ளைக் கூரையில் மழைநீர்க் கறை. நம்மைத் தவிர ஒரு மலாய்த் தம்பதி மட்டும் முன்வரிசையில். விளக்கணைந்து நட்சத்திரங்கள் வந்ததும் நீ "ஐயோ, எவ்ளோ!" என்று என் முழங்கையைத் தொட்டாய். மலாயில் ஒரு பழைய பதிவுக் குரல் பேசத் தொடங்கியது.

இருட்டில் உன் முகம் தெரியாது என்பதற்காகத்தான் அங்கே சொன்னேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

"என்னால முடியாதும்மா. பயமா இருக்கு."

எது என்று நீ கேட்கவில்லை. குரல் சனிக் கிரகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. அது வளையங்களுக்கு வந்தபோது, "அண்ணி வேணாங்கறாங்களா?" என்று கேட்டாய்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். என் மனைவி தடுக்கவில்லை. பொருந்தியதை அவளிடமும் நான் சொல்லவில்லை. டெஸ்ட் எடுக்கப் போனபோதே 'குடுங்க, ஒண்ணோட வாழறவங்க எத்தனையோ பேரு இருக்காங்க' என்றுதான் சொன்னாள். லோரி ஓட்ட முடியாமல் போகும், பிள்ளைகள் சின்னவர்கள் என்று நான்தான் அவளிடம் காரணம் தேடினேன். உண்மையில் கத்தியை நினைத்துப் பயந்தேன். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

"இல்ல. நான்தான்," என்றேன்.

"எப்போ முடிவு பண்ணே?"

"ரெண்டு வாரமாச்சு."

"அப்புறம் எதுக்குண்ணே இன்னிக்கு டாக்டர்கிட்ட வந்து தலைய தலைய ஆட்டிட்டு இருந்தே?"

நான் மேலே நட்சத்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்தபோது உன் முகத்தைத் துடைத்து முடித்திருந்தாய். காரில் ஏறிய பிறகுதான் பேசினாய். "வீட்ல பொருந்தலன்னு சொல்லிடு. நானும் அப்டியே சொல்றேன். பாப்பாவுக்கு அப்பா இல்ல. நானும் எவ்ளோ நாளுன்னு தெரியாது. நீயாச்சும் அவளுக்கு நல்ல மாமாவா மிஞ்சணும்." பெடரல் நெடுஞ்சாலை முழுக்க நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய்.

பிறகு ஆறு வருஷம். டாக்டரிடம் நான் தனியாகப் போய் விலகிக்கொண்டேன். காத்திருப்போர் பட்டியலில் உன் பெயர் ஏறியது, அழைப்பு வரவே இல்லை. ஓய்வு கிடைத்த நாளெல்லாம் நான்தான் உன்னை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனேன். மழையில் குடை பிடித்தேன், இடியாப்பம் வாங்கி வந்தேன். பார்க்கிறவர்கள் இப்படி ஓர் அண்ணனா என்றார்கள். நீ ஒரு முறைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. கையில் ஊசி போட இடமில்லாமல் கழுத்தில் குழாய் வைத்தார்கள். அதில் கிருமி பிடித்தது. ஒரு புதன்கிழமை காலை, அந்த நாற்காலியிலேயே உன் மூச்சு நின்றது. நான் கீழே கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் மகள் சேலைகளை மடித்து அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, குற்றம் சொல்லாமல், சும்மா சொல்வது போலத்தான் சொன்னாள்: "மாமா, உங்க கிட்னி மட்டும் மேட்ச் ஆயிருந்தா அம்மா இருந்திருப்பாங்கல்ல?"

ஆமாம்மா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை.

"மேட்ச் ஆச்சும்மா. நான்தான் குடுக்கல."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவள் கையிலிருந்த சேலையை மடித்து முடித்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஆறு வருஷமாவா?" அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "நான் ராத்திரியெல்லாம் சாமி கும்பிட்டேன் மாமா, அடுத்த டெஸ்ட்லயாச்சும் உங்களோடது பொருந்தணும்னு. அம்மா பக்கத்துலதான் படுத்திருந்தாங்க. அவங்களும் ஏன் என்கிட்ட பொய் சொன்னாங்க?"

காரில் நீ சொன்னதை நான் சொல்லத் தொடங்குவதற்குள், "நீங்க போங்க மாமா," என்றாள். வந்துவிட்டேன். அதிலிருந்து அவள் என் போனை எடுப்பதில்லை.

என் பாரத்தை இறக்குவதாக நினைத்து அவளிடமிருந்து உன்னையும் பிடுங்கிவிட்டேன், தங்கச்சி. என்மேல் அவளுக்கு வந்திருப்பது நியாயமான கோபம். உன்மேல் வந்திருப்பது நியாயமில்லை. நீ ஏன் மறைத்தாய் என்பது காரில் இருந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி நீ, போய்விட்டாய். மிச்சம் இருக்கிறவன் வாயால் சொன்னால், தனக்காக மன்னிப்புக் கேட்கிறான் என்றுதான் அவள் காதில் விழும்.

அப்படியே விழட்டும். இந்த ஞாயிறும் காப்பாருக்குப் போகிறேன், மிச்சச் சாமான்களைக் கட்ட அவள் அங்கே வருவாள். கதவைத் திறக்காவிட்டால், நீ ஏன் மறைத்தாய் என்பதை வாசலில் நின்று சொல்வேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போவேன்.